வயிற்றின் வாசலில் ஒரு ஜாகா

தேக்காவில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் ஆனபிறகும் 'வயிறு இன்னும் திம்முன்னு இருக்கு' என்கிறோம். ஏன்? இரைப்பையின் கீழ்வாசலில் ஒரு காவலர் இருக்கிறார்.

அந்த வாசலின் பெயர் பைலோரஸ். 'வாயில் காப்பவர்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால், ஜாகா! அந்தக் காலச் சிங்கப்பூரில் வங்கி, கிடங்கு வாசல்களில் கயிற்றுக் கட்டில் போட்டுக் காவல் காத்த சீக்கிய ஜாகாக்களைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

இரைப்பை முடிந்து முன்சிறுகுடல் தொடங்கும் இடம் இது. இங்கே வட்டத்தசை தடித்து, வளையம்போல் சுருக்குத்தசையாக இருக்கிறது. உணவு அமிலத்தோடு அரைபட்டு இரைப்பைப்பாகு ஆனதும், ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்த துகள்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பெரிய துண்டுகள் திரும்பிப்போய் மறுபடி அரைபடும். கொழுப்பு வந்தால் 'மெதுவா அனுப்பு' என்று குடலே சேதி சொல்லும். நெய்ச்சோறு தாமதமாக இறங்குவது அதனால்தான்.

சரி, காவலர் கதவைத் திறக்கவே இல்லையென்றால்? பிறந்து சில வாரங்களே ஆன சில குழந்தைகளுக்கு இந்தத் தசை அளவுமீறித் தடித்து வழியை அடைத்துவிடும். குடித்த பால் பீய்ச்சியடித்து வெளியே வரும். குழந்தை பசியோடு மெலியும். 1888இல் டென்மார்க் மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ருங் இந்நோயைத் தெளிவாக விவரித்தார். அப்போதைய அறுவை சிகிச்சைகளில் பல குழந்தைகள் பிழைக்கவில்லை.

1911இல் ஜெர்மானிய மருத்துவர் ராம்ஸ்டெட் ஒரு குழந்தையின் தடித்த தசையைக் கீறினார். உள்சவ்வைத் தொடவில்லை. பிறகு தையல் போடப் பார்த்தார். தசை கிழிந்து தையல் நிற்கவில்லை. அப்படியே விட்டுவிட்டார். குழந்தை பிழைத்தது! அடுத்த குழந்தைக்குத் தையலே போடவில்லை. 1912இல் அதை அறிவித்தார். தசையைக் கீறித் தைக்காமல் விடும் அந்த முறைதான் இன்றும் அடிப்படை.

தேர்வுக்கு ஒரு குறிப்பு. 'வாயில்' என்ற சொல் இலக்கணப்போலி. 'இல்வாய்' என்பதே முன்பின்னாக மாறியது. வீட்டின் வாய்! பைலோரஸும் அப்படித்தான்: குடலுக்கு வாய், இரைப்பைக்கு வாயில். பெயரின் பொருளைப் பிடித்துக்கொண்டால் இடம், அமைப்பு, வேலை மூன்றும் தானாக நினைவுக்கு வரும். மனப்பாடம் செய்யும் முன் சொல்லிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'உனக்கு ஏன் இந்தப் பெயர்?'