எது கடினமான பட்டம்?

மருத்துவப் பட்டம்தான் எல்லாவற்றிலும் கடினமானதா என்று எமது பாடசாலைத் தங்கைமார் எம்மிடம் கேட்பதுண்டு. இந்த நூற்றாண்டு மலரில் அதற்கு வரலாற்றின் வழியே விடை சொல்ல விரும்புகிறோம்.

மருத்துவம் கடினம் என்பது உண்மை. ஐந்து ஆண்டுகள், பகலில் வாட்டில் நோயாளர், இரவில் புத்தகம். பொறியியலில் ஒரு படி விளங்காவிட்டால் அடுத்த படி ஏற முடியாது. கலைத்துறையில் தேடி வாசித்து, சொந்தமாகச் சிந்தித்து எழுத வேண்டும். சுமைகள் வெவ்வேறு. ஆனால் மலையகத்தில் பல்கலைக்கழக வாசல் வரையான பாதையே பெரிய சுமையாக இருந்தது.

கொழும்பில் மருத்துவக் கல்வி 1870 இல் ஆரம்பமானது. 1892 இல் பெண்களுக்கும் இடம் கிடைத்தது. அக்காலத்தில் எமது பாட்டிமார் கொழுந்துக்கூடையோடு மலையேறிக்கொண்டிருந்தனர். 1945 இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகளுக்கு அதன் முழுப்பயன் கிட்டவில்லை. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மவரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. படித்தாலும் அரச உத்தியோகம் எட்டாக்கனியானது. 1970களில்தான் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது.

மொழியும் குறுக்கே நின்றது. 1960களில் கலைப்பாடங்களைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் கற்க முடிந்தது. மருத்துவம் ஆங்கிலத்திலேயே தொடர்ந்தது. உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்கோ ஆய்வுகூடமும் ஆசிரியர்களும் வேண்டும். அவை இல்லாத இடங்களில் பிள்ளைகள் கலைப்பிரிவைத் 'தெரிவு' செய்தனர். வேறு தெரிவு இருக்கவில்லை.

எம்முடன் படித்த தோழி ஒருவர் கணிதத்தில் எப்போதும் முதலிடம். வெளியூரில் தங்கிப் படிக்க வீட்டில் வசதியில்லை, கலைப்பிரிவிலேயே சேர்ந்தார். நாங்கள் நோர்வூட் வழியாக ஹட்டனுக்கு பஸ் ஏறி, உறவினர் வீட்டில் தங்கி உயிரியல் படித்தோம். அவர் பின்னர் ஆசிரியராகி, பிள்ளைகளை வளர்த்தபடியே வெளிவாரிப் பட்டத்தை ஏழு ஆண்டுகளில் முடித்தார். எங்கள் இருவரின் பட்டங்களில் எது கடினமானது? அவருடையதே என்போம்.

1974 இல் மாவட்ட ஒதுக்கீடு அறிமுகமானது. நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்றாகக் கணிக்கப்படுவதால் எமக்குக் குறைந்த புள்ளியில் இடம் கிடைத்தது எனச் சிலர் ஏளனமாகச் சொல்வர். ஒதுக்கீடு வாசலைத்தான் திறக்கும். உள்ளே பரீட்சை மண்டபத்தில் ஒதுக்கீடு கிடையாது. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே சித்திப்புள்ளி. அதில் சித்தியடைந்தே எம்மவர் வைத்தியர்களாகின்றனர்.

எனவே தங்கைமாரே, கடினம் என்று கேள்விப்பட்டு ஒரு துறையைக் கைவிடாதீர்கள். இலகு என்று எண்ணி ஒன்றை எடுக்கவும் வேண்டாம். உங்களுக்குப் பிடித்தது எது என்று பாருங்கள். சங்கத்தின் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். விஞ்ஞானம் படிக்க விரும்பும் ஒரு பிள்ளையாவது பஸ் காசுக்காகவோ தங்குமிடத்துக்காகவோ பாடப்பிரிவை மாற்றாதிருக்க, இந்த நூற்றாண்டில் ஒரு நிதியம் தொடங்குவோம். எமது தோழிக்குக் கிடைக்காத தெரிவு அவரது மாணவிகளுக்குக் கிடைக்கட்டும்.