கடையத்துக்கு வந்த கவியும் காக்கைகளின் சபையும்

செங்கோட்டை வாஞ்சிநாதனை சென்ற வாரம் மணியாச்சியில் விட்டு வந்தோம். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷைச் சுட்டு, தன்னையும் சுட்டுக்கொண்ட அந்தச் சத்தம் புதுச்சேரி வரை எட்டியது. அங்கே ஒதுங்கியிருந்த பாரதியைச் சுற்றி ஒற்றர்கள் பெருகிப்போனார்கள்.

ஏழு ஆண்டு கழித்து அதே பாரதி நம் சீமைக்கே வந்து சேர்ந்தார். 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் கைது. சில வாரம் கடலூர்ச் சிறை. டிசம்பரில் நிபந்தனையோடு விடுதலை. மனைவி செல்லம்மாளின் ஊரான கடையம் அவருக்கு இடம் கொடுத்தது. தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற வழியில், மலையடிவாரத்து ஊர். குற்றாலத்தில் சாரல் கட்டினால் கடையத்திலும் காற்று குளிரும்.

இந்த மனிதர் எழுதியவற்றில் ‘காக்காய் பார்லிமெண்ட்’ என்றொரு குறுங்கதை உண்டு. அவருடைய ‘புதிய ருஷியா’ கவிதையைப் பாடமாகப் படித்தவர்கள் பலரும் இதைத் தொட்டதே இல்லை. உடுப்பியிலிருந்து வந்த ஒரு சாமியார் கதை சொல்பவருக்குப் பிராணிகளின் பாஷையைக் கற்றுத் தருகிறார். காக்கைப் பேச்சில் முதல் எழுத்தே சோறு கேட்பதுதான்! பிறகு காக்கைகள் சபை கூட்டுகின்றன. ருஷியாவில் ராஜாவை விரட்டிவிட்ட சேதி அங்கே அடிபடுகிறது. ஜார் வீழ்ந்தது 1917 மார்ச்சில். அந்தக் கவிதையில் அதை யுகப் புரட்சியாகக் கொண்டாடியவர், கதையில் அதே சேதியைக் காக்கை வாயில் போட்டுக் கேலி செய்கிறார். ராஜா என்றால் யார், அவனுக்கு எதற்குத் தீனி என்பதை மரக்கிளையில் வைத்து யோசிக்கிற துணிச்சல் அது.

இதேபோலப் பிராணிகளை வைத்து ருஷியப் புரட்சியைப் பேசிய ஆங்கில எழுத்தாளர் ஆர்வெலின் ‘விலங்குப் பண்ணை’ வந்தது 1945இல். தமிழில் அதை மொழிபெயர்த்துக் கொடுத்தவர் எழுத்தாளர் க.நா.சு. எசமானை விரட்டிய பன்றிகளே எசமானாகிவிடுகிற அந்த நாவலின் பக்கத்தில் பாரதியின் காக்கைக் கதையை வைத்தால் அது ஒரு கைப்பிடி எள், அதை மறைப்பதற்கில்லை. ஆர்வெலுக்கு ஸ்டாலின் ஆட்சியின் கணக்கு கையில் இருந்தது. பாரதிக்கு வந்ததோ பத்திரிகைத் தந்திச் செய்தி மட்டும்.

ஆனாலும் அவர் ஏமாறவில்லை. லெனின் கட்சி பதவிக்கு வந்தபின் எழுதிய ‘செல்வம்’ கட்டுரையில், நிலமும் பொருளும் பொதுவாக வேண்டும் என்ற நோக்கத்தை மெச்சுகிறார். கொன்று அதை நிலைநாட்டலாம் என்ற எண்ணத்தை மட்டும் கடுஞ்சொல்லால் தள்ளுகிறார். மணியாச்சித் துப்பாக்கியின் பலனைத் தன் வாசலில் ஒற்றர்களாகக் கண்டவர் அவர். அந்த அனுபவம் இந்தக் கட்டுரைக்குள் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

1920இல் கடையத்தை விட்டுச் சென்னைக்குப் போனார். மறு ஆண்டு செப்டம்பரில் இறந்தார். ஸ்டாலின், லெனின் கட்சியின் பொதுச் செயலாளர் ஆனது அதற்கும் பிறகு, 1922 ஏப்ரலில்; அந்த ஆட்சியைப் பார்க்க பாரதி இல்லை.

காக்கைக் கதை ஒரு காபி ஆறுவதற்குள் படித்துவிடக்கூடியது. அடுத்த இதழ் வருமுன் ஒருமுறை படித்து வையுங்கள்.