மூன்று டாக்டர்கள், ஒரு தொண்டை

போன வருடம் எனக்கு டான்சிலை ஒட்டிச் சீழ் கட்டியது. வாயைத் திறக்க முடியல, எச்சில்கூட இறங்கல. சுடுசோற்றை அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் குரல். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்நாக்கு ஒருபக்கமாகத் தள்ளியிருந்தது. ஊசியால் சீழை உறிஞ்சி எடுத்தார், ஆன்டிபயாடிக் போட்டார். அன்றிரவே கஞ்சி குடித்தேன்.

படுத்துக்கிடந்த நாட்களில் ஜார்ஜ் வாஷிங்டனின் கடைசி நாளைப் படித்தேன். 1799 டிசம்பர் 14, மவுண்ட் வெர்னான். 67 வயது. தொண்டை அடைத்து மூச்சுத் திணறுகிறது. முதலில் வந்த ஜேம்ஸ் கிரெய்க் அதைக் 'குவின்சி' என்றார். அன்று பலவகைத் தொண்டை வீக்கங்களுக்கும் அந்தப் பெயர்தான். இன்று எனக்கு வந்த சீழ்க்கட்டிக்கு மட்டும். ஒரே நாளில் நான்கு முறை ரத்தம் எடுத்தார்கள், இரண்டு லிட்டருக்கும் மேல்.

மூன்று டாக்டர்களில் இளையவர் எலிஷா டிக், வயது 37. இனி ரத்தம் எடுக்க வேண்டாம், மூச்சுக்குழாயில் துளையிடலாம் என்றார். மூத்தவர்கள் கேட்கவில்லை. அன்றிரவே வாஷிங்டன் இறந்தார். குரல்வளை மூடி வீங்கியதே காரணம் என்று இன்று பல மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

சில வாரங்களில் மூத்தவர்களில் ஒருவரான பிரவுன், டிக் சொன்னதே சரி என்று கிரெய்க்குக் கடிதம் எழுதினார்.

எனக்கு ஊசி போட்ட டாக்டருக்கு முப்பது வயசுகூட இருக்காது. 'பெரிய டாக்டர் வரட்டுமே' என்று முதலில் சொன்னவன் நான்தான்.