பட்டமின்றிப் பெற்ற தேர்ச்சியும் ஆஸ்திரேலியக் குடியேற்ற விதிகளும்

ஆஸ்திரேலியாவில் கணினித் தொழில், அதற்கெனப் பட்டப்படிப்பு தோன்றுவதற்கு முன்பே வேரூன்றிவிட்ட ஒன்றாகும். ட்ரெவர் பியர்சியும் மாஸ்டன் பியர்டும் சிட்னியில் உருவாக்கிய, பிற்காலத்தில் சிசிராக் என்று பெயர்பெற்ற கணினி, 1949 நவம்பரில் தன் முதல் நிரலை இயக்கியபோது, அதனைக் கையாண்டவர்கள் இயற்பியலிலும் கணிதத்திலும் மின்பொறியியலிலும் பயின்றவர்களே. நிரலெழுதும் கலையை அவர்கள் அந்தப் பொறியின் அருகிலிருந்தே கற்றுக்கொண்டனர். 1956இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் சில்லியாக் இயங்கத் தொடங்கிய பின்னரும் நிலைமை பெரிதும் மாறவில்லை. 1960களில் கூட்டாட்சி அரசின் துறைகள் கணினிகளை வாங்கத் தொடங்கியபோது, அவற்றை இயக்க ஆளில்லாமையால், நாட்டமறியும் தேர்வு ஒன்றின் மூலம் ஆட்களைத் தெரிந்தெடுத்து, பயிற்சி நிரலாளர் என்னும் பெயரில் அவர்களுக்கு ஊதியம் கொடுத்தே தொழிலைக் கற்பித்தன. 1966இல் மாநிலச் சங்கங்கள் ஒன்றிணைந்து ஆஸ்திரேலியக் கணினிச் சங்கமாக உருவெடுத்தபோது, அதன் உறுப்பினரில் பலர் இவ்வாறு பணியிடத்திலேயே தேர்ந்தவர்களாக இருந்தனர். வெளிநாட்டிலிருந்து வரும் கணினிப் பணியாளரின் தகுதியை மதிப்பிடும் பொறுப்பு பிற்காலத்தில் இதே சங்கத்திடம் வந்துசேர்ந்தமையால், இத்தோற்றத்தை மனத்திற் கொள்வது அவசியமாகிறது.

குடியேற்ற வாயிலின் வரலாறு இதற்கு முற்பட்டது, இதைவிடக் கடுமையானதும்கூட. 1901ஆம் ஆண்டின் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், வருபவரை ஐரோப்பிய மொழியொன்றில் ஐம்பது சொற்களைச் சொல்வதெழுதுமாறு பணித்தது. எந்த மொழி என்பதை அதிகாரியே தீர்மானித்ததால், வெள்ளையரல்லாதாரைத் தோற்கடிப்பதே அத்தேர்வின் நோக்கமாக இருந்தது. அது 1958இல் நீக்கப்பட்டது. இனத்தை அளவுகோலாகக் கொள்ளும் முறையைப் பிரதமர் விட்லமின் அரசு 1973இல் முற்றாகக் கைவிட்டது. அதன்பின், 1967இல் கனடா வகுத்த முறையைப் பின்பற்றி, வயது, கல்வி, தொழில், மொழியறிவு முதலியவற்றுக்கு எண் கொடுத்துக் கூட்டிப் பார்க்கும் புள்ளி முறை 1979இல் அறிமுகமாகி, 1989இன் சட்டத் திருத்தங்களுக்குப் பின் உறுதியான சட்ட அடிப்படையைப் பெற்றது. தோலின் நிறத்தைப் பார்த்த வாயில் தகுதியைப் பார்க்கத் தொடங்கியது உண்மையான முன்னேற்றமே. ஆயினும் தகுதி எதனால் நிறுவப்படும் என்ற வினாவுக்கு அந்நாட்டில் ஏற்கெனவே இரு வேறு விடைகள் நிலவிவந்தன.

முதலாவது விடை பட்டறையிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது முறையான தொழிற்பயில்வு முடிக்காத பலர் உலோக, மின் தொழில்களில் சேர்த்துக்கொள்ளப்பட்டிருந்தனர். போர் முடிந்ததும் எழுந்த சிக்கலைத் தீர்க்க 1946இல் இயற்றப்பட்ட தொழிலாளர் உரிமை ஒழுங்குமுறைச் சட்டம், தொழிற்குழுக்களின் வாயிலாகக் கைத்தேர்ச்சியை மதிப்பிட்டுச் சான்றளிக்க வழிசெய்தது. போர்வீரர்களோடு, ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த கம்மியர்களும் மின்பணியாளர்களும் இதனால் பயனடைந்தனர். இரண்டாவது விடை பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. மருத்துவர், பொறியாளர் போன்றோரின் வெளிநாட்டுப் பட்டங்களை உள்நாட்டுப் பட்டங்களோடு ஒப்பிடும் பணிக்காக 1969இல் ஒரு குழு அமைக்கப்பட்டு, 1989இல் அதன் இடத்தில் நிலையான தேசிய அலுவலகம் உருவாயிற்று. கைவினைஞருக்கு வேலையும் கற்றறிந்தோருக்குத் தாளும் சான்றாயின எனலாம். கணினித் தொழிலோ இவ்விரண்டுக்கும் இடையில் நின்றது. அது பட்டறைத் தொழிலைப் போலச் செய்து பழகித் தேர்வதாகவும், ஊதியத்திலும் மதிப்பிலும் கற்றறிந்தோர் தொழிலாகவும் இருந்தமையால், எந்த எடைக்கல்லால் அதை நிறுப்பது என்பது எளிதில் தீராத சிக்கலாயிற்று.

இதற்கான கருவி தொழிற்கல்வித் துறையில் கிடைத்தது. ஒருவர் வகுப்பறைக்கு வெளியே பெற்ற அறிவை, பாடத்திட்டம் எதிர்பார்க்கும் அறிவோடு ஒப்பிட்டு ஏற்கும் நடைமுறை முன்கற்றல் அங்கீகாரம் எனப்படும். 1992இல் நடைமுறைக்கு வந்த தேசியப் பயிற்சி அங்கீகாரச் சட்டகம் அதனை ஒரு கொள்கையாகவே ஏற்றது. 1999இல் திறன்சார் குடியேற்ற விதிகள் திருத்தப்பட்டு, விண்ணப்பிக்கும் முன்பே உரிய தொழில் அமைப்பிடம் மதிப்பீடு பெறுவது கட்டாயமாக்கப்பட்ட சூழலில், கணினிச் சங்கம் இக்கருவியைக் கையிலெடுத்துக்கொண்டது. அதன்படி வேறு துறையில் பட்டம் பெற்றவர், தாம் விண்ணப்பிக்கும் தொழிலோடு நெருங்கிய தொடர்புடைய ஆறு ஆண்டுப் பணியைக் காட்ட வேண்டும்; உயர்கல்வித் தகுதி எதுவுமில்லாதவர் அதற்கு மேலும் இரண்டு ஆண்டுக் கணினிப் பணியைக் காட்ட வேண்டும். இவற்றோடு, துறையின் அடிப்படை அறிவுப் பகுதிகளைத் தாம் எவ்வாறு கற்றார் என்பதற்கான விளக்கத்தையும், அண்மைக்காலத்தில் தாம் பங்கேற்ற இரு திட்டப்பணிகளைப் பற்றிய அறிக்கைகளையும் அவர் எழுதித் தர வேண்டும்.

இவ்வழி தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய தொடர்புடையது. 1980களிலும் 1990களிலும் வணிகவியலோ இயற்பியலோ பட்டம் பெற்று, மாலை நேரத்தில் தனியார் கணினி மையங்களில் கோபோல், சி ஆகிய நிரல்மொழிகளைப் பயின்று, சென்னையிலும் பெங்களூரிலும் நிரலாளரான தலைமுறையினர், விதியின் பார்வையில் வேறு துறைப் பட்டதாரிகளே ஆவர். அவர்களுக்குத் திறந்திருந்த முதன்மையான வழிகளுள் இதுவும் ஒன்று. ஆனால் அறிவை ஏற்கும் இம்முறையும் தாளை விட்டு முற்றிலும் விலகிவிடவில்லை. வேலை பார்த்த நிறுவனம் தன் முகவரித்தாளில் பணிக்காலத்தையும் செய்த கடமைகளையும் குறிப்பிட்டுத் தரும் கடிதமே இதன் அச்சாணியாகும். பெருநிறுவனத்தில் பணியாற்றியவருக்கு அது சில நாள்களில் கிடைக்கலாம். மூடப்பட்டுவிட்ட சிறு நிறுவனத்தில் தொழில் கற்றவரோ, முன்னாள் மேலாளரிடமோ உடன் பணியாற்றியவரிடமோ உறுதிமொழிப் பத்திரம் பெற்று, சம்பளச் சீட்டுகளையும் வரிக் கணக்குகளையும் திரட்டிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. பட்டமில்லாதோர் பெரும்பாலும் சிறு நிறுவனங்களிலேயே தொடங்குவதால், இச்சுமை யாருக்காக இவ்வழி வகுக்கப்பட்டதோ அவர்கள்மீதே மிகுதியாக விழுகிறது. திட்ட அறிக்கைகளின் நிலையும் இத்தகையதே. பிறர் எழுதியதைப் படியெடுக்கும் வழக்கத்தைத் தடுக்க அவை மென்பொருளால் ஒப்புநோக்கப்படுவது நியாயமே என்றாலும், வலையமைப்பை நுட்பமாகக் கட்டத் தெரிந்தவர் அதைத் தேர்ந்த ஆங்கில உரைநடையில் விவரிக்கவும் வல்லவராக இருப்பார் என்று கருதுவதற்கு அடிப்படை இல்லை.

இதனினும் பெரிய இழப்பு புள்ளிக் கணக்கில் நேர்கிறது. தேர்ந்த பணியாளர் என்னும் நிலையை எட்டப் பயன்பட்ட ஆண்டுகள், அந்நிலையை எட்டிய பின் பெற்ற பணி அனுபவமாக எண்ணப்படுவதில்லை. 22 வயதில் கணினிப் பட்டம் பெற்று, அதே துறையில் வெளிநாட்டில் பத்தாண்டு உழைத்த 32 வயதுப் பணியாளருக்கு இரண்டு ஆண்டுகள் மட்டுமே கழிக்கப்படுவதால், எஞ்சிய எட்டு ஆண்டுகளுக்கு 15, பட்டத்துக்கு 15, வயதுக்கு 30, உயர்ந்த ஆங்கிலத் தேர்ச்சிக்கு 20 என 80 புள்ளிகள் சேர்கின்றன. அதே வயதில், 18 வயது முதல் பட்டமின்றிப் பதினான்கு ஆண்டு தொடர்ந்து இத்தொழிலையே செய்தவருக்கு எட்டு ஆண்டுகள் கழிக்கப்பட்டு, எஞ்சிய ஆறு ஆண்டுகளுக்கு 10 புள்ளிகளே கிடைக்கின்றன. கல்விக்கு எதுவும் இல்லாத நிலையில், வயதையும் மொழியையும் கூட்டினால் அவரது தொகை 60 ஆகிறது. நான்கு ஆண்டு அதிகமாக உழைத்தவர் இருபது புள்ளி பின்தங்குகிறார். குடும்ப நிலைக்குரிய புள்ளிகளை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், 2018 முதல் 65 என்று வகுக்கப்பட்ட தகுதிக்கோட்டுக்கு ஐந்து புள்ளி கீழே நிற்கும் அவரை, ஏதேனும் ஒரு மாநில அரசின் பரிந்துரைக்குக் கிடைக்கும் ஐந்து புள்ளிகள் அக்கோட்டில் கொண்டுவந்து நிறுத்தக்கூடும்.