இராஜராஜன் எங்கே துஞ்சினார்?

ஹைதராபாத்துக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் கோல்கொண்டாவை அடுத்துள்ள குதுப் ஷாகி கல்லறைகளைக் காட்ட அழைத்துச் செல்வது என் வழக்கம். அண்மையில் அங்கே நின்றபோது, உடன் வந்த தெலுங்கு நண்பர் கடைசி மன்னர் அபுல் ஹசன் தானா ஷாவின் கல்லறை இங்கே இல்லை என்றார். 1687இல் ஔரங்கசீப் கோட்டையைக் கைப்பற்றியபின் தௌலதாபாத்தில் சிறைவைக்கப்பட்ட அவர், குல்தாபாத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவரை வென்ற ஔரங்கசீப்பின் கல்லறையும் அதே ஊரில்தான் இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு நண்பர் கேட்டார்: "உங்கள் இராஜராஜ சோழனின் சமாதி எங்கே?"

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள உடையாளூர் என்று நம்மில் பலர் உடனே விடை சொல்லிவிடுவோம். அங்கே சாய்ந்து புதைந்து கிடந்த ஒரு சிவலிங்கத்தையே மன்னரின் நினைவிடமாக மக்கள் வணங்குகின்றனர். 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்விடத்தை ஆராயுமாறு தொல்லியல் துறைக்கு உத்தரவிட்டதும் நினைவிருக்கலாம். இந்த நம்பிக்கைக்கு அடிப்படை, அவ்வூர்ப் பால்குளத்தம்மன் கோயில் தூணிலுள்ள ஒரு கல்வெட்டு. அது முதலாம் குலோத்துங்கனின் 42ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 1112. இராஜராஜன் மறைந்து (1014) ஏறத்தாழ நூறாண்டுக்குப் பிற்பட்டது.

அக்கல்வெட்டு கூறுவது இதுவே: சிவபாதசேகர மங்கலத்தில் எழுந்தருளி நின்ற இராஜராஜ தேவரான சிவபாதசேகர தேவரின் திருமாளிகைக்கு முன்னிருந்த பெரிய மண்டபம் பழுதுபட்டதால் புதுப்பிக்கப்பட்டது. சிவபாதசேகரன் என்பது இராஜராஜனின் விருதுப்பெயர், அதில் ஐயமில்லை. ஆனால் 'பள்ளிப்படை' என்ற சொல் அங்கே இல்லை. 'துஞ்சிய' என்ற சொல்லும் இல்லை.

மொழியியல் மாணவராக எனக்கு இது சிறிய இடைவெளியாகத் தோன்றவில்லை. 'துஞ்சுதல்' என்றால் உறங்குதல். மன்னரைப் பற்றிப் பேசும்போது இறத்தல். மன்னரை அவர் இறந்த இடத்தால் அடையாளம் காட்டுவது நம் மொழியின் பழைய வழக்கு. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்று சங்க இலக்கியம் தொடங்கிவைத்ததைச் சோழர் கல்வெட்டுகள் தொடர்ந்தன. சுந்தர சோழன் 'பொன்மாளிகைத் துஞ்சிய தேவர்'. அரிஞ்சயன் 'ஆற்றூர்த் துஞ்சிய தேவர்'. அந்த அரிஞ்சயனுக்கு இராஜராஜனே மேல்பாடியில் எடுப்பித்த கோயிலைக் கல்வெட்டு வெளிப்படையாகப் பள்ளிப்படை என்கிறது. இராஜராஜனின் தேவி பஞ்சவன்மாதேவிக்குப் பழையாறைப் பகுதியில் எழுந்த பள்ளிப்படையையும் கல்வெட்டு அச்சொல்லாலேயே குறிக்கிறது. சோழர்கள் மறைத்துப் பேசவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

'எழுந்தருளுதல்' மன்னருக்கும் வரும், இறைவனுக்கும் வரும், நிறுவப்பட்ட படிமத்துக்கும் வரும். இராஜராஜன் ஆட்சியிலேயே தஞ்சைப் பெரியகோயிலில் அவருக்கும் உலோகமாதேவிக்கும் படிமங்கள் எழுந்தருளுவிக்கப்பட்டன. அதனால் அக்கோயிலை யாரும் சமாதி என்பதில்லை. 'மாளிகை'யோ அரண்மனையாகலாம், பெரியகோயிலின் திருச்சுற்றுமாளிகை போன்ற கட்டடமாகவும் ஆகலாம். ஆகவே உடையாளூர்க் கல்வெட்டு இராஜராஜன் பெயரால் ஒரு கட்டடம் இருந்ததை உறுதிசெய்கிறது. அது நினைவுக்கோயிலாக இருந்திருக்கவும் கூடும். அதற்குமேல் அக்கல்வெட்டிலிருந்து பெற முடியாது.

இங்கிலாந்தை எடுத்துக்காட்டுவோர் உண்டு. 1485இல் போரில் இறந்த மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு 2012இல் லெஸ்டர் நகரக் கார் நிறுத்துமிடம் ஒன்றின் அடியில் கிடைத்தது. அவருடைய சகோதரியின் தாய்வழி மரபினரின் மரபணுவோடு ஒப்பிட்டு உறுதிசெய்து, 2015இல் தேவாலயத்தில் மீண்டும் அடக்கம் செய்தனர். நமக்கு அந்த வழி இல்லை. இராஜேந்திரன் மறைந்தபோது வீரமாதேவி உடன் தீப்புகுந்ததைப் பிரம்மதேசத்துக் கல்வெட்டு பேசுகிறது. தீக்கு இரையான உடலிலிருந்து மரபணுச் சான்றை எதிர்பார்க்க இயலாது. லெஸ்டரில் எலும்பு சொன்ன சாட்சியை இங்கே கல்வெட்டின் சொற்கள்தாம் சொல்லியாக வேண்டும். அச்சொற்களை நம் விருப்பத்துக்கு வளைத்தால், நம்மிடமுள்ள ஒரே சாட்சியையும் நாமே கெடுத்தவர்களாவோம்.

லிங்கத்துக்கு விளக்கேற்றுவோரை நான் குறைசொல்லவில்லை. வணங்குவதற்குக் கல்வெட்டுச் சான்று தேவையில்லை. ஆனால் "இதுவே சமாதி, ஆதாரம் இருக்கிறது" என்று காணொளி பகிர்வோர், முதலில் அக்கல்வெட்டை ஒருமுறை முழுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நண்பரிடம் நான் சொன்ன விடை: "அவர் பெயரில் ஒரு மாளிகை இருந்த ஊர் தெரியும். அவர் துஞ்சிய இடம் இன்னும் தெரியாது."