கடலோரம் தந்த வரலாறு

வரலாறு என்றால் முடியும் வாளுமே என்று நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். மீனவர் குடியிற் பிறந்த ஒருவர், தம் மக்களின் வாழ்வும் வரலாறே என்று காட்டினார். நெல்லை மாவட்டத்து உவரியைச் சேர்ந்த ஜோ டி குரூஸ் அவர்களே அவர். கப்பற்றுறையில் பணியாற்றியபடியே எழுதியவர். 2004-இல் வெளிவந்த 'ஆழி சூழ் உலகு' மூன்று தலைமுறைப் பரதவர் வாழ்வைக் கூறுகின்றது. 'கொற்கை' தூத்துக்குடியின் தோணித் தொழிலைக் கூறுகின்றது. 2013-இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. இரண்டும் நாவல்களே. எனினும், காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மீனவர் வழங்கும் சொற்கள் அவற்றில் ஏடேறின. சொல் மறைந்தால் தொழிலறிவும் மறையுமன்றோ?

லிங்கராஜபுரத்தில் வாழும் நமக்கு இதனால் ஆவதென்ன? இதே பெங்களூரில், தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் பழந்தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. இந்நகரிற் பிறந்த லூயிஸ் ரைஸ் அவற்றைப் படியெடுத்துப் பதிப்பித்தமையால் அவை அறிஞர் கைக்கு எட்டின. ஆயினும், கல்வெட்டு கொடையளித்தோர் பெயரையே கூறும். பிழைப்பு நாடிப் பின்னாளில் வந்த நம் பாட்டன்மாரை எக்கல்லும் கூறாது. எந்த ஊரிலிருந்து, எத்தொழிலுக்கு வந்தனர் என்பதை நம் வீட்டு முதியோரே அறிவர். அவர்தம் பேச்சை இன்றே எழுதி வைப்போமாக. நாளை கேட்க நினைப்பின், சொல்ல அவர் இரார்.