ஆண்டுதோறும் பிறக்கும் பாலம்: கேஸ்வாச்சாக்காவும் தொன்மையின் அளவுகோலும்

மரபுச் சின்னம் ஒன்றின் தொன்மையை அதன் பருப்பொருளைக் கொண்டு அளப்பதே வழக்கம். கல்லின் வயதே கட்டடத்தின் வயதாகிறது. மீட்டெடுப்புப் பணியில் மூலப்பொருளை மதிக்க வேண்டும் என 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் வலியுறுத்தியதும் இவ்வெண்ணத்தின் வழியேதான். ஆனால், கல்லுக்குரிய அளவுகோல் புல்லுக்குப் பொருந்துமா? பெரு நாட்டின் கேஸ்வாச்சாக்கா தொங்குபாலத்தைச் சான்றாகக் கொண்டு, தொன்மை இடையறாத செய்முறையிலும் உறைகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

குஸ்கோ பகுதியில், கடல்மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில், அபுரிமாக் ஆற்றின் குறுக்கே இப்பாலம் தொங்குகிறது. நீளம் ஏறத்தாழ 28 மீட்டர். இன்கா அரசின் நெடுஞ்சாலைகளை இணைத்த புல்கயிற்றுப் பாலங்களின் கடைசி எச்சமாக அறியப்படுவது இது. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நான்கு ஊர்களைச் சேர்ந்த கெச்சுவா மக்கள் கூடி, மூன்று நாளில் இதைப் புதிதாகக் கட்டுகிறார்கள்.

செய்முறையை அருகிருந்து நோக்குவோம். மலைப்புல்லை நீரில் நனைத்து, கல்லால் தட்டி இளக்குகிறார்கள். பிறகு உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து உருட்டி, விரல் பருமனில் கயிறு திரிக்கிறார்கள். ஒரு புல் தீருமுன் அடுத்த புல்லைச் செருகிவிடுகிறார்கள். எந்தப் புல்லும் கயிற்றின் முழு நீளத்துக்கு ஓடுவதில்லை. கயிறு மட்டும் ஓடுகிறது. ஒவ்வொரு குடும்பமும் தன் பங்குக் கயிற்றைக் கொண்டுவருகிறது. அவற்றை ஒன்றுசேர்த்து முறுக்கிப் பின்னினால் வடம். நடைதளத்துக்கு நான்கு, கைப்பிடிக்கு இரண்டு. பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். கட்டுநர்கள் இரு கரைகளிலிருந்தும் பக்கவாட்டுக் கயிறுகளைப் பின்னிக்கொண்டே வந்து நடுவில் சந்திக்கிறார்கள்.

பெருந்தொற்றால் 2020இல் இப்பணி தடைபட்டது. 2021 மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. அதே ஆண்டு ஜூனில் மக்கள் மீண்டும் கட்டினார்கள். இந்நிகழ்வுகள் ஒரே உண்மையைச் சுட்டுகின்றன. தீண்டாமல் காத்தால் இப்பாலம் அழியும். அழித்துக் கட்டினால் வாழும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம்: அப்படியானால் எந்தப் போலியையும் மரபு என்று கொண்டாடிவிடலாமே? முடியாது. போலி, மூலத்தைப் பார்த்துச் செய்யப்படுவது. கேஸ்வாச்சாக்கா, கற்றுத்தந்த கைகளின் வழியே பிறப்பது. இடமும் புல்லும் ஊர்களுக்கிடையே வேலையைப் பகிரும் முறையும் மாறாதிருப்பதே அதன் நம்பகத்தன்மை. ஆற்றைக் கடக்க அருகிலேயே இரும்புப் பாலம் உண்டு. ஆயினும் மக்கள் புல்பாலம் கட்டுவது, மலைத்தெய்வங்களுக்கும் தங்களுக்குள் ஒருவருக்கொருவரும் ஆற்ற வேண்டிய கடமையாக அதைக் கருதுவதால்தான்.

மரபையும் பயன்பாட்டையும் நம்பகத்தன்மைக்குச் சான்றாக ஏற்ற 1994ஆம் ஆண்டின் நாரா ஆவணம் இத்தகைய பார்வைக்கு வழி திறந்தது. ஆனால் வகைப்பாடு இன்னும் பிளவுபட்டே நிற்கிறது. யுனெஸ்கோ 2013இல் இப்பாலத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அறிவைப் பருப்பொருள் சாராப் பண்பாட்டு மரபாகவும், 2014இல் இன்காக்களின் சாலையமைப்பை உலக மரபுச் சின்னமாகவும் தனித்தனிப் பட்டியல்களில் சேர்த்தது. கையையும் கயிற்றையும் இப்படிப் பிரித்தெழுதுவது ஏட்டுக்கு வசதி. பாலத்துக்கு அது பொருந்தாது. எனவே இத்தகைய சின்னங்களுக்கான பாதுகாப்புத் திட்டம், புல் விளையும் சரிவையும் ஜூன் மாதத்தில் ஊர் கூடுவதற்கான வாய்ப்பையும் காப்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.